6 நாட் காற்றில் கரை திரும்பும் பலகை: ஈஸ்ட் கோஸ்டில் ஒரு தேர்வு

நண்பர் ஒருவர் சொந்தமாக ஒரு விண்ட்சர்ஃபிங் பலகை, அதாவது பாய்மரப் பாய் பொருத்தி நின்றபடி காற்றில் ஓட்டும் பலகை, வாங்கினார். எதை வாங்கினார், ஏன், வாங்கிய பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. அவர் துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எடை 82 கிலோ. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்டில் வாடகைப் பலகையில் பழகியவர். பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்துவார், காற்றை எதிர்த்துக் கோணல்மாணலாக ஏறிப்போய்த் திரும்பிவருவார். அந்த அளவுக்குக் கை வந்த பிறகுதான் சொந்தப் பலகை ஆசை வந்தது.

அவருக்கு மூன்று தேவைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன காற்று கிடைக்கிறதோ அதில் போய்வர வேண்டும். கிளப்பில் நடக்கும் நட்புப் பந்தயங்களில் கலந்துகொள்ள வேண்டும். ஒன்பது வயது மகளை முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப் போக வேண்டும். கிளப்பில் பழக்குநர்களுக்கு நான் ஒத்தாசை செய்வதால் என்னிடம் வந்து, "அண்ணே, எது வாங்கலாம்?" என்று கேட்டார். கேட்கும்போதே கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைத் திறந்து வைத்திருந்தார். 130 லிட்டர் ஃப்ரீரைடு பலகை (காற்று நன்றாக இருக்கும்போது சறுக்கி ஓட்டும் குட்டை வகை), நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு, கூடவே 8.5 சதுர மீட்டர் பாய். அழகான பொருள், விலையும் குறைவு. அதைத்தான் வாங்க வேண்டாம் என்றேன். ஏன் என்பதற்கு இந்தக் கடலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இங்கே வீசும் காற்றும் ஓடும் நீரும்

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அதில் ஜனவரி, பிப்ரவரியில் சில நாட்கள் நல்ல வேகத்தில் வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, பெரும்பாலும் மெல்லியது. இடைப்பட்ட மாதங்களில் காற்று நினைத்த பக்கமிருந்து வரும், மத்தியானம் கடற்காற்று கொஞ்சம் உதவும். வருஷத்தில் நாம் கடலுக்குப் போகும் காலைகளில் பாதிக்கு மேல் 5 நாட், 7 நாட் காற்றுதான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். முகத்தில் பட்டுத் தெரியும் மென்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைவிட நீரோட்டத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சிங்கப்பூர் நீரிணை குறுகலானது, ஓட்டம் பலமானது. கரையோரத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் பக்கம் நெருங்க நெருங்க இழுக்க ஆரம்பிக்கும். வடகிழக்குக் காலத்தில் காற்றும் ஓட்டமும் ஒரே பக்கம் சேர்ந்து மேற்கே தள்ளும் வேளைகள் உண்டு. அப்போது போவது சுகமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் பலகையின் குணம் தெரியும்.

இதைக் கணக்காகவே அவருக்குப் போட்டுக் காட்டினேன். பிளேனிங் வராத காற்றில், அதாவது பலகை தண்ணீரின் மேலே எழும்பிச் சறுக்காமல் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் காற்றில், வேகத்தை நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. படகுக்காரர்கள் பயன்படுத்தும் பழைய வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது: நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை (மீட்டரில்) 2.43 ஆல் பெருக்கினால், வேகம் சுமாராக நாட் கணக்கில் வரும். 3.66 மீட்டர் பலகைக்கு 4.6. 2.4 மீட்டர் பலகைக்கு 3.8 கூட இல்லை. ஒல்லியான பலகைகள் இந்த எல்லையைக் கொஞ்சம் மீறும், அகலமானவை அதைக்கூடத் தொடாது. ஆகவே நிஜத்தில் இடைவெளி இதைவிடப் பெரியது.

அடுத்தது கோணம். நீளப் பலகையின் நடுவில் டாகர்போர்டு இருக்கும். கத்தி போல் தண்ணீருக்குள் இறங்கி, பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அது இருந்தால் காற்றின் திசையிலிருந்து 50 பாகை அளவில் ஏறலாம். பின்னால் மீன்துடுப்பு போன்ற ஃபின் மட்டும் உள்ள ஃப்ரீரைடு பலகை, பிளேனிங் இல்லாதபோது 65 பாகைக்கு விலகித்தான் போகும், அதிலும் நழுவும். 4.5 நாட் வேகத்தில் 50 பாகை என்றால் காற்றை எதிர்த்து நேராகக் கிடைக்கும் முன்னேற்றம் 2.9 நாட். 3.5 நாட் வேகத்தில் 65 பாகை என்றால் 1.5 நாட் மட்டும். எதிர்த்து ஓடும் தண்ணீர் 1.5 நாட் என்று வையுங்கள். நீளப் பலகைக்காரர் மெதுவாகவாவது வீடு வந்து சேருவார். ஃப்ரீரைடுக்காரர் மணிக்கணக்கில் பாயைப் பிடித்துக்கொண்டு அதே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். துல்லியமான அளவீடு இல்லை, கையால் போட்ட கணக்குதான். ஆனால் இந்தக் கரையில் இரண்டு வகையிலும் போன யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

"பாயைப் பெரிசாக்கினா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாயின் விசை பரப்பளவோடு நேராகவும், காற்றின் வேகத்தோடு அதன் வர்க்கமாகவும் கூடுகிறது. 5.7 சதுர மீட்டரை 8.5 ஆக்கினால் ஒன்றரை மடங்கு. காற்று 6 நாட்டிலிருந்து ஏழேகாலைத் தாண்டினாலே அதே ஒன்றரை மடங்கு வந்துவிடும். அந்தச் சின்ன லாபத்துக்காக ஈரப் பாயைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முதுகைக் கொடுக்க வேண்டும். கூடுதல் விசை வந்தாலும் குட்டைப் பலகை தன் நீள எல்லையில் முட்டிக்கொண்டு தண்ணீரைக் கலக்கும், அவ்வளவுதான்.

மிதப்பும் பேச வேண்டியதே. லிட்டர் என்பது பலகையின் கனஅளவு, ஒரு லிட்டர் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். 82 கிலோ ஆள், 8 கிலோ பலகை, 10 கிலோ பாய்த்தொகுதி, ஆக 100. 130 லிட்டரில் மீதம் 30 லிட்டர்தான். காற்றில்லாமல் நின்றால் கணுக்கால் தண்ணீரில் இருக்கும், பாயைத் தூக்குவதே வித்தையாகிவிடும். 220 லிட்டர் நீளப் பலகையில் இதே கணக்கில் 110 லிட்டருக்கு மேல் மீதம். மகள் உட்கார இடம் அதிலிருந்துதான் வருகிறது.

இன்னும் ஒரு காரணம் உண்டு, நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இங்கே சுமத்ரா ஸ்குவால் வரும். விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து கறுத்த கோடாக நெருங்கி, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மழையோடு முடிந்துவிடும். இடி எச்சரிக்கை வந்தால் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பலகையில் படுத்துக்கொள்ள வேண்டும். புயல் கடந்ததும் காற்று சுத்தமாகச் செத்துப்போகும். அப்போது பாயைச் சுருட்டிப் பாய்மரமான மாஸ்டோடு கட்டிப் பலகையின் மேல் நீளவாக்கில் வைத்து, குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டு வர வேண்டும். மூன்றரை மீட்டர் பலகையில் அது முடிகிற காரியம். இரண்டரை மீட்டர் பலகையில் பாதி உடம்பும் பாயும் தண்ணீரில் இழுபடும்.

ஃபாயில், அதாவது தண்ணீருக்கடியில் இருந்து பலகையை மேலே தூக்கிப் பறக்கவைக்கும் இறக்கை, பற்றியும் கேட்டார். இன்று கரையில் பாதிப் பேர் அதில்தான் பறக்கிறார்கள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் விண்ட்சர்ஃபிங் ஐக்யூஃபாயில் என்ற ஃபாயில் பலகைக்கு மாறிவிட்டது. பறக்கும்போது அதற்கு ஈடு இல்லை. ஆனால் 82 கிலோ ஆள், புதிதாகப் பழகியவர், 8 நாட்டுக்குக் கீழே எழும்புவது கஷ்டம். எழும்பாத ஃபாயில் வெறும் சுமை. கடல் வற்றும்போது கரையோரம் ஆழம் போதாது, பருவமழைக்குப் பிறகு மிதந்து வரும் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் வேறு. மகளை ஏற்றிக்கொண்டு போகிற பொருளும் இல்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நான்கு பலகைகள்

சரி, நீளப் பலகை என்று முடிவாயிற்று. எந்த நீளப் பலகை?

1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஷ்வைட்சரும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்த பலகை நீளமானதுதான். டாகர்போர்டு உண்டு, கையால் பிடிக்கும் பூம் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸில் விண்ட்சர்ஃபிங் ஒலிம்பிக்குக்கு வந்தபோதும் நீளப் பலகைதான். 1996 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில் ஓடியது மிஸ்ட்ரல் ஒன் டிசைன்: 3.72 மீட்டர் நீளம், 7.4 சதுர மீட்டர் பாய். 1996இல் ஹாங்காங்குக்கு அதன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை லீ லாய்-ஷான் வென்றது இந்தப் பலகையில்தான். ஆசியாவின் மெல்லிய காற்றுக் கரைகளில் பல கிளப்புகளின் அலமாரியில் மிஸ்ட்ரல் இன்னும் கிடப்பதற்கு அந்தக் காலம்தான் காரணம். 2008இலிருந்து வந்த ஆர்எஸ்:எக்ஸ் 2.86 மீட்டர் நீளம், 93 சென்டிமீட்டர் அகலம். டாகர்போர்டு இருந்தாலும் அது கலப்பு ஜாதி. மெல்லிய காற்றில் பாயை ஓயாமல் அசைத்து அசைத்து ஓட்ட வேண்டியது. உடம்பை வருத்தி ஒலிம்பிக்குக்குத் தயாராகிறவருக்கு அது சரி. பட்டறையில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான்கை எடுத்துக்கொண்டோம். கிளப்பில் ஒருவர் விற்கவிருந்த பழைய மிஸ்ட்ரல். இன்னொருவரின் ஸ்டார்போர்டு ஃபேண்டம் 377, ரேஸ்போர்டு என்ற நீளப் பந்தயப் பலகை வகுப்பைச் சேர்ந்தது. கோனா ஒன், 3.5 மீட்டர் நீளம், சுமார் 220 லிட்டர். விண்ட்சர்ஃபர் எல்டி, 3.66 மீட்டர், சுமார் 15 கிலோ, 5.7 சதுர மீட்டர் பாய். எல்டி என்பது அந்த 1960களின் பலகைக்கு வந்த மறுபிறவி. வெளிவடிவத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு, கனமான பாலிஎத்திலீனை விட்டு எடை குறைந்த கட்டுமானத்தில், தாய்லாந்தின் கோப்ரா தொழிற்சாலையில் செய்கிறார்கள்.

சோதித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். நான் எல்டியில், அவர் ஒரு பலகையில். இருவரும் ஒரே இடத்தில் கிளம்பி, காற்றை எதிர்த்து ஒரு மிதவை வரைக்கும் ஏறி, காற்றோடு இறங்கி வருவோம். பிறகு பலகையை மாற்றிக்கொண்டு அதையே திரும்பச் செய்வோம். அப்போதுதான் ஆளின் திறமை எவ்வளவு, பலகையின் குணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். கைக்குள் அடங்கும் காற்றுமானி ஒன்று வைத்திருந்தேன். பெரும்பாலும் 5 முதல் 7 நாட்டுக்குள் காட்டியது, இடையிடையே 9.

ஃபேண்டம் ஏறியது போல் வேறெதுவும் ஏறவில்லை. மிதவைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, அதுவும் என்னைவிடக் கூர்மையான கோணத்தில். ஆனால் 9 நாட் வீச்சு வந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. டாகர்போர்டின் மேல் விழும் பக்க அழுத்தம், காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தூக்கிவிடும். பழகியவர் அந்த விளிம்பில் நின்று பலகையைச் சாய்த்தபடியே ஏறுவார், அதுதான் ரேஸ்போர்டின் பலம். நண்பர் விளிம்பு எழுந்ததும் நடுவுக்கு நகர்ந்தார், பலகை அப்படியே கவிழ்த்துவிட்டது. 9.5 சதுர மீட்டர் பாயை மறுபடி தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. காலால் மிதித்து மாஸ்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தடம், டாகர்போர்டைக் காலால் மடக்கும் வேலை, பாயின் இழுவையைத் திருத்தும் கயிறுகள் என்று ரேஸ்போர்டில் செய்ய வேண்டியது ஏராளம். இந்த விளையாட்டை ஆழமாகப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. மகளோடு போகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது.

கோனா வேறு மாதிரி. முன்பாதி நீளப் பலகை, பின்பாதி அகலமான குட்டைப் பலகை. கடன் வாங்கிய 7.4 பாயோடு அவர் அதில் நின்றபோது ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஆனால் 5 நாட்டில் அவர் வழக்கம்போல் நடுவில் நின்றதால் அகலமான வால் தண்ணீரில் அழுந்தி, பின்னால் களகளவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் பலகை தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். மாஸ்டை ஒட்டி முன்னால் வரச்சொன்னேன், சத்தம் நின்றது, வேகமும் கூடியது. காற்று ஏறி 13, 14 நாட் ஆனால் இந்த நான்கில் முதலில் எழும்பிச் சறுக்குவது கோனாதான். கால்பட்டைகளும் உண்டு. கோனா வகுப்பில் பிடித்த இன்னொன்று, எடைக்கேற்ற பாய். லேசானவருக்கு 5.8, கனத்தவருக்கு 9.0 என்று பிரித்து, எல்லோரையும் ஒரே பலகையில் ஒன்றாக ஓடவிடுகிறார்கள்.

எல்டியில் அவர் ஏறியதும் நான் கவனித்தது பேச்சு நின்றுபோனதை. மற்றவற்றில் "அண்ணே, இது இழுக்குது", "இது சாயுது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் இதில் சும்மா போய்க்கொண்டிருந்தார். பாய் சின்னது, தூக்குவது சுலபம். ஒரு சின்ன வீச்சு வந்தாலும் பலகை முன்னே வழுக்குகிறது. டாக் செய்ய, அதாவது மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிப் பக்கம் மாற, பின்னால் ஒரு அடி வைத்தால் வால் அமிழ்ந்து மூக்கு திரும்புகிறது, மாஸ்டைச் சுற்றி நடந்து மறுபக்கம் வர நிறைய நேரம் கிடைக்கிறது. ஏறுவதில் ஃபேண்டமுக்கு நன்றாகப் பின்தங்கும். மிஸ்ட்ரலுக்கும் கொஞ்சம் பின்தங்கும்.

பழைய மிஸ்ட்ரலைப் பரிசோதித்தது

விலையை மட்டும் பார்த்தால் மிஸ்ட்ரல்தான் வென்றிருக்கும். அதனால் அதைத் தண்ணீரில் ஓட்டியதோடு விடாமல் கரையில் போட்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். பழைய நீளப் பலகை வாங்குகிற யாரும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது.

முதலில் எடை. வீட்டில் எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்து, நண்பர் பலகையைத் தூக்கிக்கொண்டு அதில் நின்றார். பிறகு தனியாக நின்றார். இரண்டின் வித்தியாசம் 19 கிலோ. அந்தப் பலகை 15.5 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ஒட்டுவேலைகளுக்கு ஒரு கிலோ போனாலும், மீதி உள்ளே குடியிருக்கும் தண்ணீர். பலகையின் மேலே காற்றுத்திருகு ஒன்று உண்டு, உள்ளே இருக்கும் நுரை வெயிலில் சூடேறி விரியும்போது காற்று வெளியேற. அதைக் கழற்றிப் பலகையைக் கவிழ்த்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் துளை ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு திரண்டது, அடுத்து இன்னொன்று. அப்புறம் நிற்கவில்லை.

கட்டைவிரலால் மேல்தளம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தோம். நிற்கும் இடத்தில், மாஸ்ட் தடத்துக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று அமுங்கியது. அங்கே மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது. டாகர்போர்டு இறங்கும் பிளவின் இருபக்கமும் ரப்பர் போன்ற மெல்லிய உதடுகள் இருக்கும். பிளவு வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வேகத்தைக் கெடுக்காமல் தடுப்பது அவைதான். இதில் ஒரு பக்க உதடு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. மாஸ்ட் தடம் உப்பு ஏறி இறுகிப்போய், இரண்டு பேர் மிதித்தும் நகரவில்லை.

உதடு மாற்றுவது சின்ன வேலை. தடத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பிரிந்த தோலும் உள்ளே தங்கிய நீரும் அப்படியில்லை. பட்டறையில் பலவற்றைப் பழுதுபார்த்த கை அவருடையது, "நானே சரிபண்ணிடுவேன்" என்றார். அவரால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பருவம் போய்விடும். 63.5 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தப் பலகை, காற்று செத்த நேரத்தில் மகளோடு நிற்கக் கொஞ்சம் தள்ளாடவும் செய்தது.

முடிவு, அதன் பிறகு

எல்டி வாங்கினார். சிங்கப்பூரை விட்டுப் போகும் ஒருவரிடமிருந்து பாய், உறை எல்லாம் சேர்த்து, கைமாறியது. இதே பரிசோதனைகளைச் செய்து, எடை சரியாக இருந்த பிறகு.

தராசுத் தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தது தண்ணீரில் நடந்த சோதனை மட்டும் அல்ல. எங்கள் கிளப்பில் ஏற்கெனவே நாலைந்து பேரிடம் எல்டி இருந்தது. நட்புப் பந்தயத்தில் எல்லாவிதப் பலகையும் படகும் கலந்து ஓடும், நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டு இடம் கொடுப்பார்கள். அந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்றுக்கொள்வது பக்கத்தில் அதே பலகையில் போகிறவரிடமிருந்துதான். ஒரே பலகை, ஒரே பாய். அவர் முன்னால் போகிறார், நான் பின்தங்குகிறேன் என்றால் காரணத்தை என் காலிலோ கையிலோ தேட வேண்டும். ஒற்றை ரேஸ்போர்டு வைத்திருப்பவர் முதலில் வந்தாலும் எதனால் வந்தார் என்பது அவருக்கே தெரியாது. சர்வதேச அளவிலும் விண்ட்சர்ஃபர் வகுப்பு எடைப்பிரிவு வைத்துத்தான் ஓட்டுகிறது. வட்டப் பந்தயம், நெடுந்தூரம், ஸ்லாலம், வித்தைப் போட்டி என்று ஒரே பலகையில் எல்லாம் உண்டு. பலவகைக்கும் உதவும் பலகை என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

பலகையை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில் வந்தது, உண்மையில் முதலில் கேட்க வேண்டியது. 3.66 மீட்டர் பலகை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு மின்தூக்கிக்குள் நுழையாது. கிளப்பின் அலமாரியில் இடம் கிடைக்குமா என்று உறுதிப்படுத்திய பிறகுதான் பணம் கொடுக்கச் சொன்னேன். இந்த ஊரில் நீளப் பலகைக்கு நிஜமான செலவு மாதாமாதம் அந்த இடத்துக்குக் கட்டும் வாடகைதான். அதைச் சேர்த்துப் பார்க்காமல் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதல் பந்தயத்தில் அவர் தொடக்கக் கோட்டைக் கடந்தது நன்றாக இருந்தது. சிக்கல் காற்றுமுக மிதவையில். மிதவை நேராகத் தெரிந்ததும் டாக் செய்துவிட்டார், இனி நேரே போனால் சுற்றிவிடலாம் என்று. ஓட்டம் குறுக்கே மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கு மிதவையைப் பார்த்தபடியே இருக்க, பலகை அடி அடியாக விலகிப்போய், கிட்டத்தில் வரும்போது மிதவைக்கு இரண்டு பலகை நீளம் காற்றின் போக்கில் கீழே இருந்தார். இன்னும் இரண்டு டாக் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் மூன்று பேர் சுற்றிவிட்டார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்தவர், வாடையும் கொண்டலும் சின்ன வயதிலேயே தெரிந்தவர். கரைக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே, "மிதவைக்குப் பின்னாடி நிக்கிற கட்டடத்தைப் பார்த்து ஓட்டணும், மிதவை அதுமேல நகருதா இல்லையான்னு" என்றார். நகராமல் இருந்தால் சேருவோம், நகர்ந்தால் தள்ளப்படுகிறோம். அடுத்த பந்தயங்களில் அதைச் செய்தார். ஓட்டம் எதிர்க்கும்போது கரையோரத்து அடங்கிய தண்ணீரில் ஏறிப்போகவும் பழகிவிட்டார். இன்று அந்த எல்டிகளுக்குள் நடுவில் வருகிறார், காற்று 8 நாட்டுக்கு மேல் இருந்தால் முன்னாலும் வருகிறார்.

குறைகளும் தெரிந்தன. 4 நாட்டில் 60 கிலோ ஆள் அதே 5.7 பாயோடு போகும்போது இவரால் தொட முடிவதில்லை. எடைப்பிரிவு வைக்க எங்கள் கிளப்பில் ஆள் போதாது. ஜனவரியில் காற்று 16 நாட் தொட்ட ஒரு காலையில் டாகர்போர்டை முழுசாக மடக்காமல் குறுக்கே ஓட்டினார், பலகை விளிம்பு எழுந்து அவரைத் தூக்கிப் போட்டது. மடக்கினால் அடங்கியது, ஆனாலும் அந்தக் காற்றில் அவர் கோனாக்காரரை ஏக்கத்தோடு பார்த்தது உண்மை. வருஷத்தில் அப்படிப்பட்ட காலைகள் இங்கே கொஞ்சம்தான். அதற்காக மீதி மாதங்களை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம், அவருடையதும்.

மகள் இப்போது முன்னால் உட்காருவதில்லை. பாய் இல்லாமல் துடுப்போடு அதே பலகையில் நின்று கரையோரம் போகிறாள். சின்னப் பாய் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் அவருடைய பட்டறையிலிருந்து இன்னொருவர் வந்தார். எடை 95 கிலோ. நண்பரைப் பார்த்து எல்டியே வேண்டும் என்கிறார். அவருக்கு நான் கோனாவைத்தான் சொல்லியிருக்கிறேன், 8.2 பாயோடு. 5.7 அவரை மெல்லிய காற்றில் சரியாக இழுக்காது. கிளப்பில் கோனா வைத்திருப்பவர் ஒருவர்தான் என்பதால் பந்தயத்தில் திருத்திய நேரத்தை நம்ப வேண்டியிருக்கும். அடுத்த மெல்லிய காற்று நாளில் இரண்டு பலகையையும் அவருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கப் போகிறோம். அதற்குள் அலமாரியில் ஒரு இடம் எழுதிவைக்கச் சொல்லிவிட்டேன்.